உலகமயமாதலா, உலகமயமாக்கலா? டெல்டா கல்லூரி வகுப்பில் செய்து கற்பிக்கும் வழி

கேள்வி இதுதான்: கும்பகோணம் பக்கத்தில் ஒரு கலைக் கல்லூரி. இளங்கலைப் பொருளியல் இரண்டாம் ஆண்டு, 60 மாணவர்கள், 50 நிமிட வகுப்பு, நகர்த்த முடியாத நீள பெஞ்சுகள், பாதிப் பேர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். உலகமயமாதல் பற்றிய பாடத்தாளை விரிவுரையாக எடுத்தால் தூங்குகிறார்கள், குழுச் செயல்பாடு வைத்தால் சந்தைக்கடையாகிறது. வேறு எப்படி நடத்துவது?

முதல் வகுப்புக்குப் பொருள் எதுவும் தேவையில்லை, பலகை போதும். ஒரு பக்கம் 'உலகமயமாதல்' என்றும் மறுபக்கம் 'உலகமயமாக்கல்' என்றும் எழுதுங்கள். பாடநூல்களும் நாளிதழ்களும் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகின்றன. ஆதல் என்றால் அது தானாக நடக்கிறது, ஆக்கல் என்றால் யாரோ செய்கிறார்கள். எந்தச் சொல் சரி, ஏன் என்று ஒவ்வொருவரும் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதி, பெயர் போட்டுத் தரட்டும். ஐந்து நிமிடம். சீட்டுகளை வாங்கிக் கட்டி வைத்துவிடுங்கள், அன்றைக்கு விவாதிக்க வேண்டாம். அவை பருவத்தின் கடைசி வகுப்பில் வேண்டியிருக்கும்.

இந்தத் தாளுக்குப் பலரும் முதலில் வைக்கிற செயல்பாடு ஒன்று உண்டு: வீட்டில் உள்ள பத்துப் பொருள்களை எந்த நாட்டில் செய்தார்கள் என்று பார்த்து வந்து, உலகப் படத்தில் நூல் கட்டுவது. படம் அழகாக வரும், பாடம் வராது. பொருளில் ஒட்டிய சீட்டில் இருப்பது பாகங்களைக் கடைசியாகப் பூட்டிய நாட்டின் பெயர் மட்டும். லாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு என்பது அதில் இல்லை. காகிதமும் கத்தரிக்கோலும் ஏற்றத்தாழ்வாகக் கொடுத்து விளையாடும் வணிக ஆட்டமும் அப்படித்தான். பணக்கார நாடு ஜெயிக்கும் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே மாணவர்கள் சொல்லிவிடுவார்கள். முன்கூட்டியே ஊகித்து, அந்த ஊகம் தவறாகப் போகும் இடம் இருந்தால்தான் கற்றல் நடக்கும். அதனால் எந்தச் செயல்பாடானாலும் ஒரு விதியை விடாதீர்கள்: விடையைக் காட்டும் முன் ஒவ்வொருவரும் தன் ஊகத்தைத் தாளில் எழுதியிருக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது. விடை தெரிந்த பிறகு 'நானும் அதைத்தான் நினைத்தேன்' என்பார்கள்.

டெல்டாவில் இதற்குக் கையில் இருக்கும் நல்ல ஜோடி நெல்லும் இறாலும். நாகை, வேதாரண்யம் பக்கம் போனால் வரப்புக்கு இந்தப் புறம் சம்பா நிற்கும், அந்தப் புறம் இறால் குட்டையில் காற்றூட்டி சுழலும். ஒரே மண், ஒரே தண்ணீர்ப் பிரச்சினை. ஆனால் ஒன்றின் விலை பெரும்பாலும் தில்லியிலும் சென்னையிலும் முடிவாகிறது, மற்றதன் விலை அமெரிக்கச் சந்தையோடு கட்டப்பட்டிருக்கிறது. உலகமயம் எங்கே நுழைகிறது என்பதைவிட எங்கே தடுக்கப்படுகிறது, யார் தடுக்கிறார்கள் என்று கேட்கவைக்க இந்த ஜோடி உதவும். தாள் முழுவதையுமே இதில் கட்டலாம்.

இறால் ஆட்டத்திலிருந்து தொடங்கலாம். பெஞ்சை நகர்த்த முடியாவிட்டால் ஒற்றைப்படை வரிசையில் இருப்பவர்கள் பின்பக்கம் திரும்பி உட்காரட்டும். முன்னே மூவர், பின்னே மூவர் என ஆறு பேர் கொண்ட 10 குழுக்கள். குழுவுக்குள் ஆறு வேடம்: பண்ணையாளர், கடனுக்குத் தீவனம் கொடுக்கும் கடைக்காரர், உள்ளூர் வியாபாரி, ஏற்றுமதி ஆலை, அமெரிக்க இறக்குமதியாளர், பக்கத்து வயல் நெல் விவசாயி. ஆறாவது ஆளை விட்டுவிடாதீர்கள். இந்தச் சங்கிலியில் அவர் கைக்கு ஒரு ரூபாயும் வராது, உப்புத் தண்ணீர் மட்டும் வரும்.

கீழே உள்ளவை பயிற்சிக்காக வைத்த எண்கள். வகுப்புக்கு முந்தைய வாரம் பண்ணைகளிலும் கடைகளிலும் கேட்டு உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். குட்டையில் 80,000 இறால். இறால் வியாபாரத்தில் கவுண்ட் என்பது ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் என்ற கணக்கு. எண் குறைந்தால் இறால் பெரிது, விலை கூட. 40 கவுண்டுக்கு வளர்ந்தால் 2,000 கிலோ. கிலோ இறாலுக்கு ஒன்றரைக் கிலோ தீவனம், தீவனம் கிலோ 90 ரூபாய் என்றால் தீவனச் செலவு மட்டும் 2,70,000. குஞ்சு, மின்சாரம், டீசல், கூலி, குத்தகை எல்லாம் சேர்த்து 2,30,000. மொத்தம் 5 லட்சம். கிலோ 330 ரூபாய்க்கு விற்றால் 6,60,000 வரும், மிச்சம் 1,60,000.

இனி அட்டைகள். முதல் அட்டையில் அமெரிக்கா வரி போட்டிருக்கிறது, ஆலை கிலோவுக்கு 60 ரூபாய் குறைத்துக் கேட்கிறது. அட்டையைத் திறந்ததும் ஆறு பேரும் பேசாமல் எழுத வேண்டியது: இதில் அதிகம் இழப்பவர் யார், எத்தனை சதவீதம்? 60 ரூபாய் என்பது விலையில் 18 சதவீதம்தானே என்று பெரும்பாலோர் அதற்கு அருகில் ஓர் எண்ணைப் போடுவார்கள். கணக்கு போட்டால் வரவு 5,40,000, மிச்சம் 40,000. விலை 18 சதவீதம் இறங்கியதில் பண்ணையாளரின் லாபம் 75 சதவீதம் போய்விட்டது. இந்த ஒரு கணக்கு விரிவுரையில் ஒரு மணி நேரம் செய்யும் வேலையைச் செய்யும்.

இரண்டாவது அட்டை, காத்திருப்பது. விலை ஏறட்டும் என்று பத்து நாள் பிடிக்காமல் வைத்தால் நாளுக்கு 5,000 ரூபாய் செலவு, ஆக 50,000. விலை ஏறாவிட்டால் 40,000 லாபம் 10,000 நட்டமாக மாறும். 'அதற்குள் இறால் வளருமே சார்' என்று யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டும். கேட்டவரிடமே 36 கவுண்டுக்கு மறுகணக்கு போடச் சொல்லுங்கள். ஆலைக்குக் குளிர்கிடங்கு இருக்கிறது, இறக்குமதியாளர் ஈக்வடாரிடம் வாங்கலாம், குட்டையில் நிற்கும் இறால் மட்டும் தினமும் தின்னும். பேரம் பேசும் வலு எங்கிருந்து வருகிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

மூன்றாவது, வெள்ளைப்புள்ளி நோய், இறாலைக் கொல்லும் வைரஸ். 100 கவுண்டில் அவசரமாகப் பிடிக்க வேண்டும். அதே 80,000 இறால் இப்போது 800 கிலோதான். கிலோ 200 ரூபாய் என்றால் 1,60,000. அதுவரை செலவு 3 லட்சம், நட்டம் 1,40,000. தீவனக் கடைக்காரர் கடனைக் கேட்பார். இங்கே குழுவில் உண்மையான சத்தம் எழும். எழட்டும்.

நேரப் பங்கீடு: வேடத் தாள் படிக்க 5 நிமிடம், முதல் ஊகம் எழுத 5, மூன்று அட்டைக்கும் எட்டெட்டாக 24, பொது விவாதம் 10, கடைசி 6 நிமிடம் தனித்தனியாக எழுதுவது. அட்டை நான்கு வைத்தால் எழுதும் நேரம்தான் பலியாகும், வைக்காதீர்கள்.

ஆட்டம் கெடும் இடங்கள் சில உண்டு. இறக்குமதியாளர் வேடத்துக்கு வேலை இல்லாமல் போய் அந்த மாணவர் கைப்பேசியைப் பார்ப்பார். அவருக்கு மட்டும் தனி உறை கொடுங்கள்: இந்தியா, ஈக்வடார், வியட்நாம் மூன்றின் விலையும் வரியும் அதில் இருக்கட்டும், மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. வரி விகிதத்தைத் தேதியோடு அச்சிடுங்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் பல இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கக் கூடுதல் வரி 50 சதவீதமானது, ஈக்வடாருக்கு அப்போது அதைவிடக் குறைவாக இருந்தது. இந்த எண்கள் மாறிக்கொண்டே இருப்பவை, போன ஆண்டுத் தாளை அப்படியே நகல் எடுத்தால் பொய்யாகிவிடும். இன்னொன்று, வகுப்பில் பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளையும் இருக்கலாம், பண்ணையில் கூலி வேலை பார்ப்பவர் பிள்ளையும் இருக்கலாம். அவரவர் வீட்டு வேடத்தை அவரவருக்குத் தராதீர்கள், அது அவர்களைச் சபையில் நிறுத்திவிடும். குலுக்கல் போல் காட்டிக்கொண்டு நீங்களே ஒதுக்கிவிடுவது நல்லது.

இதற்கு அடுத்த வகுப்பில் இறாலின் பழைய கதையை 15 நிமிடம் நீங்களே சொல்லலாம். செய்து கற்பது என்றால் ஆசிரியர் வாயே திறக்கக் கூடாது என்று பொருள் இல்லை. அனுபவம் ஒன்று கிடைத்த பிறகு சொல்லும் சிறிய விரிவுரை நன்றாக ஏறும். 1990களின் தொடக்கத்தில் கரையோரம் பரவிய கருப்பு வரி இறால், 1994-95இல் அதைத் துடைத்த வெள்ளைப்புள்ளி நோய், நாகைப் பகுதியில் காந்தியவாதிகள் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் நடத்திய போராட்டம், ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று கரையோரப் பண்ணைகளை அகற்றவும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரவும் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், 2009இல் அனுமதிக்கப்பட்ட வனாமி இறால். வனாமி நம் கடல் இறால் அல்ல, அமெரிக்கக் கண்டங்களின் பசிபிக் கரையைச் சேர்ந்தது. வேதாரண்யத்துக் குட்டையில் வளர்ந்து அமெரிக்கத் தட்டுக்கே திரும்பிப் போகிறது. ஆறாவது வேடக்காரருக்கு, அதாவது பக்கத்து வயல்காரருக்கு, சங்கிலியில் இடம் கிடைத்தது சந்தையில் அல்ல, நீதிமன்றத்தில் என்பதை இங்கே சுட்டுங்கள்.

இனி நெல். இதற்கு ஆட்டம் வேண்டாம், வண்ண அட்டை வாக்கெடுப்பு போதும். ஹார்வர்டில் எரிக் மசூர் இயற்பியல் வகுப்புக்கு 1990களில் வளர்த்தெடுத்த முறை: கேள்வி, தனியாக யோசித்து வாக்கு, பக்கத்தில் இருப்பவரோடு வாதம், மறுபடியும் வாக்கு. முதல் வாக்கில் சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் பாடத்தையே மறுபடி விளக்க வேண்டும், 70க்கு மேல் போனால் நேரம் வீணாக்காமல் நகர வேண்டும், இடையில் இருந்தால் மூன்று நிமிடம் வாதிட விட வேண்டும். கைப்பேசிச் செயலி வேண்டாம். சிக்னல் போனால் வகுப்பே போய்விடும். சிவப்பு, பச்சை, மஞ்சள் அட்டை ஆளுக்கு ஒரு செட், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். தலைக்கு மேல் தூக்கினால் முன் பெஞ்சைப் பார்த்துப் பின் பெஞ்சு மாற்றிக்கொள்ளும்.

கேள்வி: 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. அந்த ஆண்டுப் பருவத்தில் சன்ன ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதார விலை முந்தைய ஆண்டைவிடக் குறைந்ததா, மாறவில்லையா, கூடியதா? வெளிச் சந்தை மூடினால் உள்ளே விலை விழும் என்று பாடநூல் சொல்கிறபடி 'குறைந்தது' என்பதற்குக் கணிசமான அட்டைகள் எழும். நடந்தது, குவிண்டாலுக்கு 2,060 ரூபாயிலிருந்து 2,203 ரூபாயாகக் கூடியது. உடனே இரண்டாவது கேள்வியைப் போடுங்கள்: தடையால்தான் கூடியதா? இல்லை, விலை ஜூன் மாதமே அறிவிக்கப்பட்டுவிட்டது. முன்னது பின்னதற்குக் காரணம் என்று எழுதும் பழக்கத்தை உடைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இங்கே மாணவர்கள் தடுமாறும் ஒரு புள்ளி உண்டு. தடை விழுந்தது பச்சரிசிக்கு. நம் வீட்டில் உலையில் போடும் புழுங்கல் அரிசிக்குத் தடை இல்லை, ஆகஸ்ட் 25இல் 20 சதவீத ஏற்றுமதி வரிதான் விழுந்தது. பச்சரிசித் தடை 2024 செப்டம்பர் இறுதியில் நீங்கியது. உலக அரிசி ஏற்றுமதியில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்தியாவுடையது. அதனால் தடை வந்த அடுத்த மாதமே, ஆகஸ்டில், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் அரிசி விலைக் குறியீடு 15 ஆண்டு உச்சத்தைத் தொட்டது. மன்னார்குடி கொள்முதல் நிலையத்தில் ஒன்றும் அசையாத அதே வாரங்களில், நம் அரிசியை வாங்கிச் சாப்பிடும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் திண்டாடின. அதிர்ச்சியை ஒரு சுவர் தடுத்தால் அது வேறு எங்கோ போய் விழுகிறது. இதையே வைத்து இறால் பண்ணையாளருக்கு ஏன் அந்தச் சுவர் இல்லை, இருக்க வேண்டுமா என்று ஒரு வகுப்பு முழுக்க விவாதிக்கலாம்.

அதற்காக நெல் உலகமயத்துக்கு வெளியே நிற்கிறது என்று முடித்துவிடாதீர்கள். களப்பணி அதற்குத்தான். மூன்று பேர் கொண்ட குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டே கேள்வி, திரும்பும்போது ஏதாவது ஒரு காகிதச் சான்று கையில் இருக்க வேண்டும். ரசீது, மூட்டையில் அச்சிட்டதன் படம், விலைப் பலகையின் படம், எதுவானாலும். 20 பேர் பேருந்து பிடித்துத் தரங்கம்பாடி போனால் அது சுற்றுலா. உரக்கடைக்குப் போகும் குழு பொட்டாஷ் மூட்டையைப் பார்க்கட்டும். இந்தியா தனக்கு வேண்டிய பொட்டாஷ் முழுவதையும் இறக்குமதி செய்கிறது. கனடா, ரஷ்யா, பெலாரஸ், ஜோர்டான் என்று போகும் பட்டியல். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் இந்த மூட்டை விலை என்னவாயிற்று, யூரியா விலை ஏன் அசையவில்லை என்பது அவர்கள் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள். கொள்முதல் நிலையம் போகும் குழு 40 கிலோ சிப்பம், 17 சதவீத ஈரப்பத வரம்பு, மழை ஆண்டில் அந்த வரம்பைத் தளர்த்தக் கேட்டு மாநில அரசு எழுதும் கடிதம் ஆகியவற்றைப் பற்றிக் கேட்கட்டும். அங்கே விவசாயியின் கவலை சிகாகோ சந்தையில் இல்லை, ஈரப்பதமானியின் முள்ளில் இருக்கிறது.

காலம் முக்கியம். மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபர். சம்பா ஜனவரி, பிப்ரவரி. இடைப்பட்ட மாதங்களில் கொள்முதல் நிலையம் பூட்டிக் கிடக்கும், அக்டோபர் பாதிக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். ஒற்றைப்படைப் பருவத்தில் தாள் இருந்தால் செப்டம்பர் இரண்டாம் பாதியிலேயே முடித்துவிடுங்கள். வீட்டுக்கு வீடு போய் வெளிநாட்டுப் பணம் பற்றிக் கேட்கும் வேலையை மட்டும் தவிர்க்கலாம். முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கத்து மாணவர்கள் பலருக்கு அப்பாவோ அண்ணனோ வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். ஏஜென்ட் கடன், நின்றுபோன சம்பளம் எல்லாம் வகுப்பில் பேசும் விஷயம் அல்ல. விருப்பம் உள்ளவர் எழுத்தில் தரலாம் என்று விட்டுவிடுங்கள்.

வரலாற்றுப் பகுதிக்கு ஜிக்சா முறை பொருந்தும். எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் பள்ளிகளில் உருவாக்கியது. ஆறு பேர் குழுவில் ஆளுக்கு ஒரு பக்கத் தாள், ஆறும் வேறு வேறு. ஒரே தாள் வாங்கியவர்கள் ஐந்தைந்து பேராகக் கூடித் தெளிந்து, தம் குழுவுக்குத் திரும்பிச் சொல்லித்தர வேண்டும். பொதுக் கேள்வி: டெல்டாவில் உலகமயம் எந்த ஆண்டு தொடங்கியது? தாள்களை இப்படி அமைக்கலாம். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரமும், அதற்கு ஆனைமங்கல ஊர் வருவாயைக் கொடுத்த செப்பேடும். அது நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் அதை லெய்டன் செப்பேடு என்று நாம் அழைப்பதே தனிப் பாடம். இரண்டாவது, ரகுநாத நாயக்கர் 1620இல் டேனியருக்குத் தரங்கம்பாடியைக் கொடுத்தது. மூன்றாவது, நாகையிலிருந்து பினாங்குக்கு ஆள் ஏற்றிய கப்பல்களும், கங்காணி வழியாகத் தோட்டங்களுக்குக் கூலியாள் திரட்டிய கங்காணி முறையும். நான்காவது, ஜப்பானிய நோரின் 10 நெல்லையும் நம் ஜி.இ.பி. 24 ரகத்தையும் கலந்து ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி. 27, ஃபோர்டு அறக்கட்டளை உதவியோடு 1960-61இல் தஞ்சை மாவட்டத்துக்கு வந்த தீவிர வேளாண் திட்டம். இந்தத் தாளில் விளைச்சலை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அதே ஆண்டுகளில் கூலிப் போராட்டம் முற்றியது, 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது வரை அதில் வர வேண்டும். ஐந்தாவது 1996 தீர்ப்பு, ஆறாவது 1991 தாராளமயமும் 1995 உலக வணிக அமைப்பும்.

ஆண்டைச் சொன்னால் மட்டும் மதிப்பெண் இல்லை, எந்த அளவுகோலால் அந்த ஆண்டு என்று சொல்ல வேண்டும். பொருள் போய்வந்தால் போதுமா, ஆள் போக வேண்டுமா, ஒரு ஊர் விலை இன்னொரு ஊர் விலையை இழுக்க வேண்டுமா? கடைசி அளவுகோலைப் பிடித்தால் சோழர் காலம் விழுந்துவிடும். பெருமைக்காகச் சோழர் காலத்தைப் பிடித்துக்கொண்ட குழு இங்கே நன்றாகச் சண்டை போடும்.

ஜிக்சா கெடுவது ஒரே காரணத்தால், இரண்டாம் நாள் ஆள் வராததால். 50 நிமிடத்தில் முடியாது, இரட்டை வகுப்பு கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் முதல் நாளே ஒவ்வொரு கூட்டமும் ஐந்து வரிச் சுருக்கம் எழுதி உங்களிடம் தந்துவிட்டுப் போகட்டும். வராதவர் இடத்தில் அந்தச் சுருக்கம் உட்காரும். தாள்கள் தமிழிலேயே இருக்க வேண்டும். ஆங்கிலத் தாள் கொடுத்தால் ஆறு பேரில் ஒருவர் மொழிபெயர்ப்பாளர் ஆவார், மற்ற ஐவர் கேட்பவர்கள் ஆவார்கள். அது பழைய விரிவுரைதான்.

மாணவர்களிடமிருந்து புகார் வரும்: 'பாடமே நடத்த மாட்டேங்கிறாங்க.' இதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. 2014இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. விரிவுரை வகுப்பில் தோல்வி அடையும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு. 2019இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் செய்த ஆய்வில், செய்து கற்ற மாணவர்கள் அதிகம் கற்றிருந்தும் குறைவாகவே கற்றதாக நினைத்தார்கள். இரண்டும் சமூக அறிவியல் வகுப்புகள் அல்ல, அதனால் அளவோடு மேற்கோள் காட்டுங்கள். ஆய்வைவிடப் புகாரை அடக்குவது தேர்வுத் தாள். உள்மதிப்பீடு 25, எழுத்துத் தேர்வு 75 என்று இருக்கும் இடத்தில் மாணவர் கண் 75இல்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு செயல்பாட்டின் கடைசி ஆறு நிமிடத்தையும் பழைய வினாத்தாளில் இருக்கும் ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றுக்கு விடை எழுதக் கொடுங்கள். 'பன்னாட்டு வணிகத்தில் வரியின் விளைவுகள்' என்ற கேள்விக்கு இறால் கணக்கையே எடுத்துக்காட்டாக வைத்து எழுதுவார்கள்.

உள்மதிப்பீட்டில் ஊகத் தாள்களுக்கு 5 மதிப்பெண் ஒதுக்கலாம். ஊகம் சரியாக இருந்ததற்கு அல்ல, தவறியது ஏன் என்று பிறகு எழுதிய விளக்கத்துக்கு. சரியான ஊகத்துக்கு மதிப்பெண் கொடுத்தால் அட்டை திறந்த பிறகு அழித்து எழுதுவார்கள், பேனாவால் எழுதச் சொன்னாலும் புதுத் தாள் எடுப்பார்கள். களப்பணியின் இரண்டு பக்க அறிக்கைக்கு 10, மீதி 10 வழக்கமான தேர்வுக்கு.

கடைசி வகுப்பில் முதல் நாள் சீட்டுகளைத் திருப்பிக் கொடுங்கள். ஆதல் என்று எழுதியவரும் ஆக்கல் என்று எழுதியவரும் இப்போது ஒரே வேலை செய்ய வேண்டும்: நெல்லுக்கு ஒரு வாக்கியம், இறாலுக்கு ஒரு வாக்கியம், பொட்டாஷுக்கு ஒரு வாக்கியம். ஒவ்வொன்றிலும் எழுவாய் இருக்க வேண்டும். 'விலை ஏறியது' என்று எழுதினால் செல்லாது. யார் ஏற்றினார்கள், யார் முடிவெடுத்தார்கள், யாரும் தனியாக முடிவெடுக்கவில்லை என்றால் எத்தனை பேர் எங்கெங்கே செய்தது சேர்ந்து அப்படி ஆனது என்று எழுத வேண்டும். மூன்று வாக்கியத்துக்கு 20 நிமிடம் கொடுங்கள். குறைத்தால் பாடநூல் வரிகளே திரும்பி வரும்.